கிட்டார் நெக் கையில் ஒட்டுகிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

கிட்டார் நெக்கின், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தின், பின்புறம் கையில் ஒட்டுவதாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அடுத்த பேச்சிலேயே எந்த எண் உப்புத்தாள் வாங்கலாம் என்று கேட்டுவிடுகிறார்கள். ஒட்டலுக்கு வியர்வை, அழுக்கு, இளகிப்போன லாக்கர், காயாத எண்ணெய் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத காரணங்கள் இருப்பதாலும், ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றொன்றுக்குக் கேடாக முடிவதாலும், உப்புத்தாளைக் கடைசியில்தான் கையில் எடுக்க வேண்டும். தேய்த்து எடுத்த பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்குரிய தலைப்புக்குச் செல்லும் முன் பின்வரும் இரண்டு சோதனைகளையும் செய்துவிடுங்கள்.

எல்லோரும் முதலில் செய்ய வேண்டியவை

முதல் சோதனைக்குச் சோப்பும் துண்டும் போதும். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஓரிரு நிமிடம் உலர்த்திய பிறகு, கட்டைவிரலை நெக்கின் பின்புறத்தில் நட்டிலிருந்து (நெக்கின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பன்னிரண்டாம் ஃபிரெட் (குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதல் தொடுதலில் வழுக்கி, பத்து நிமிடம் வாசித்த பிறகு ஒட்டத் தொடங்கினால் அறிகுறி 1. முதல் தொடுதலிலேயே ஒட்டினால் அறிகுறி 2. துடைத்த பிறகும் ஒட்டி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் அறிகுறி 3.

இரண்டாவது சோதனை, பூச்சு எந்த வகை என்று அறிவதற்கு. டியூனர் (கம்பியை முறுக்கும்) திருகின் வளையத்துக்கு அடியிலோ டிரஸ் ராட் (நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டு) மூடிக்கு அடியிலோ கண்ணில் படாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் முதலில் ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். சில நொடிகளில் பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பூச்சு, அதாவது நம் தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வது. கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார்களில் இதைக் காணலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் அசிட்டோனுக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர். பூச்சுப் படலமே இல்லாமல் மரம் திரவத்தைக் குடித்து உடனே கருத்தால் எண்ணெய்ப் பூச்சு. நெக்கின் ஓரத்தில் பிளாஸ்டிக் கரை கட்டியிருந்தால் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். ஆகவே ஒரு துளிக்கு மேல் எடுக்காதீர்கள், கரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் வேண்டாம். இன்று விற்கும் குறைந்த விலை, நடுத்தர விலைக் கிட்டார்களில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர் பூச்சு கொண்டவை. கிப்ஸன் நிறுவனம் நைட்ரோ லாக்கரை இன்றும் கைவிடவில்லை. ஃபெண்டர் 1960-களின் இறுதியில் தடித்த பாலியஸ்டர் பூச்சுக்கு மாறியது.

அறிகுறி 1: உலர்ந்த கையில் வழுக்குகிறது, வியர்த்ததும் ஒட்டுகிறது

மிகவும் பரவலான அறிகுறி இதுதான். பூச்சில் எந்தக் குறையும் இல்லாமலேயே, கண்ணாடி போல் பளபளக்கும் எந்த நெக்கும் ஈரக் கையைப் பிடித்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊர்களில் இது ஆண்டு முழுவதும் இருக்கும் தொல்லை. ஒரே கம்பியில் நீண்ட ஜாருவை (ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரலை வழுக்கிச் செல்வதை) இழுக்க வேண்டியிருக்கும் கர்நாடக இசைக் கலைஞர்களின் கை நெக்கின் நீளம் முழுவதும் பயணிப்பதால், அவர்களே இதை முதலில் உணர்கிறார்கள்.

*கையில் காரணம் இருக்கிறதா?* உள்ளங்கையில் சிறிதளவு முகப்பவுடரைத் தடவி ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். ஒட்டல் முழுவதும் மறைந்தால் பூச்சு நல்ல நிலையில் இருக்கிறது, ஈரம்தான் காரணம். பவுடரை இந்தச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அரை மணி நேரத்தில் அது வியர்வையோடு குழைந்து பசையாகி, கம்பிகளுக்கு அடியிலும் போய்ச் சேரும். பாட்டுக்குப் பாட்டு பருத்தித் துணியால் கையையும் நெக்கையும் துடைப்பதும், கட்டைவிரலின் அழுத்தத்தைக் குறைப்பதும் சிலருக்கு முழுத் தீர்வாகவே அமைந்துவிடுகின்றன.

*மெழுகு போதுமா?* சிலிக்கோன் கலக்காத கார்னோபா மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, உலர்ந்ததும் அழுத்தித் துடைத்தால், அடுத்த சில நாட்களுக்குக் கை தடையில்லாமல் ஓடும். சிலிக்கோன் உள்ள மேசை பாலிஷ்களையும் கார் பாலிஷ்களையும் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிற்காலத்தில் அந்த நெக்கில் புதிய லாக்கர் அடிக்க நேர்ந்தால், சிலிக்கோன் படிந்த இடங்களில் லாக்கர் பரவாமல் மீன்கண் போன்ற சிறு குழிகள் விழும்.

*பளபளப்பை மங்கச் செய்யலாமா?* பூச்சு பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர் என்று உறுதியானால், இந்த அறிகுறிக்கு நான் முழு மனதோடு பரிந்துரைக்கும் வழி இதுவே. பூச்சை அகற்றாமல் அதன் மேல்தோலை மட்டும் சொரசொரப்பாக்கினால், கை படும் பரப்பு குறைந்து ஒட்டல் விட்டுப்போகும்.

சமையலறையில் கிடக்கும் பச்சை ஸ்காட்ச்-பிரைட்டை எடுக்காதீர்கள். அது ஆழமான கோடுகளைக் கிழிக்கும். கார் பெயின்ட் பொருட்கள் விற்கும் கடைகளில் அதே வகையில் சாம்பல் நிறப் பட்டையும், அதைவிட மென்மையான வெள்ளை நிறப் பட்டையும் கிடைக்கும். நாலு சுழிய (0000) ஸ்டீல் வுல்லும், அதாவது மிக மெல்லிய எஃகுப் பஞ்சும், இதே வேலையைச் செய்யும் என்றாலும், எலெக்ட்ரிக் கிட்டாரில் அதன் இரும்புத் துகள்கள் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தின்) காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நம் காற்றின் ஈரத்தில் அவை துருப்பிடித்து, வெளிறிய மேப்பிள் மரத்தில் கறையும் விடும். பட்டை கிடைக்கும்போது ஸ்டீல் வுல்லுக்குத் தேவையே இல்லை.

கம்பிகளைத் தளர்த்தி, அறிகுறி 2-இல் உள்ளபடி அழுக்கை முழுவதும் துடைத்தெடுத்த பிறகு, நெக் உடலோடு சேரும் இடத்திலும் ஹெட்ஸ்டாக் (டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) தொடங்கும் இடத்திலும் ஃபிரெட்போர்டின் (ஃபிரெட்கள் பதித்த முன்பக்கப் பலகையின்) இரு விளிம்புகளிலும் மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். டேப்பின் விளிம்பை நகத்தால் நீவி அமுக்கினால்தான் மங்கலும் பளபளப்பும் சந்திக்கும் கோடு நேராக அமையும். சாம்பல் பட்டையை உள்ளங்கை வளைவில் வைத்து, நெக்கைப் பிடித்து வாசிப்பது போலவே பிடித்துக்கொண்டு, நீளவாக்கில் மட்டும், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடையில் நிற்காமல் இழுங்கள். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் வெளிச்சத்தில் கண்ணை உறுத்தும். கையும் அந்தக் கீறலில் தடுக்கும். இருபது இழுப்புகளுக்கு ஒருமுறை நிறுத்தி, ஈரம் பிழிந்த துணியால் வெண்தூளைத் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இன்னும் பளபளக்கும் தீவுகள் தெரிந்தால் அங்கே மட்டும் அழுத்தாமல், முழு நீளத்துக்கும் மீண்டும் இழுங்கள். தொடக்கத்தில் கரகரவென்று பிடிக்கும் பட்டை, பரப்பு சீராக மங்கியதும் சத்தம் குறைந்து ஒரே சீராக ஓடத் தொடங்கும்; அதுவே நிறுத்த வேண்டிய இடம். கடைசியில் வெள்ளைப் பட்டையால் பத்துப் பதினைந்து இழுப்புகள் இழுத்து, துடைத்து, டேப்பை எடுத்துவிடலாம்.

சில மாதங்களில் கை ஓடும் பாதை தானாகவே மெருகேறிப் பளபளப்புக்குத் திரும்பும். அப்போது வெள்ளைப் பட்டையை மட்டும் எடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் சாம்பல் பட்டையில் தொடங்கினால் பூச்சு வீணாகத் தேயும்.

*எப்போது நிறுத்தி ஆளைத் தேட வேண்டும்?* துடைக்கும் துணியில் வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் அல்லது பழுப்புத் தூள் வந்தால் உடனே கையை எடுங்கள். பழைய தோற்றம் தருவதற்காகப் பல நெக்குகளில் பூச்சுக்குள்ளேயே நிறம் கலந்திருப்பார்கள். அந்த அடுக்கு தேய்ந்தால் நெக்கில் வெளிறிய திட்டு விழும், அதை வீட்டில் ஒப்பேற்ற முடியாது. வர்ணம் பூசிய நெக்குகளுக்கும் மெல்லிய நைட்ரோ பூச்சுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அரக்குப் பூச்சில் இந்த வேலையே வேண்டாம். 1970-க்கு முந்தைய கிட்டார் உங்களிடம் இருந்தால், அதன் மூலப் பூச்சுதான் அதன் விலையில் பெரும்பங்கு. அதைத் தேய்ப்பது பற்றிய முடிவை, பழைய கிட்டார்களைக் கையாண்ட ஒருவர் நேரில் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

அறிகுறி 2: உலர்ந்த கையிலும் ஒட்டுகிறது, துணியில் பழுப்பாக வருகிறது

வெள்ளைப் பருத்தித் துணியை இலேசாக நனைத்துப் பிழிந்து, முதல் ஐந்து ஃபிரெட்களின் பின்புறத்தைத் துடையுங்கள். துணியில் பழுப்போ கருமையோ இறங்கினால் ஒட்டுவது அழுக்கு. கைக்களிம்பு, சன்ஸ்கிரீன், தலையைக் கோதிய விரலோடு வரும் தேங்காய் எண்ணெய் ஆகியவை தூசியோடு சேர்ந்து இந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. வீணை வாசிப்பவர்கள் இடக்கை விரல்களில் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். அந்தக் கருவிக்குப் பொருந்தும் அந்தப் பழக்கத்தைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தால், எத்தனை நாளானாலும் உலராத எண்ணெய் நெக்கிலும் ஃபிரெட்போர்டிலும் பிசுக்காகத் தங்கிவிடும்.

கால் வாளி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, துணியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். பாலியூரித்தேன், பாலியஸ்டர், நைட்ரோ பூச்சுகளுக்கு இது ஆபத்தில்லாதது. பூச்சு பிளந்து மரம் தெரியும் இடத்திலும் எண்ணெய்ப் பூச்சு நெக்கிலும் நீர் தங்கக் கூடாது.

சோப்பு நீருக்கு அசையாத பிசுக்கு, பழைய பாலிஷ் அடுக்காகவோ ஸ்டிக்கரின் பசையாகவோ இருக்கலாம். சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தா திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தால் இரண்டும் வந்துவிடும். நைட்ரோ உட்பட முற்றிக் காய்ந்த பூச்சுகளை நாப்தா பொதுவாக எதுவும் செய்யாது. கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் எட்டாத அறையில் செய்யுங்கள். தொடக்கத்தில் சொன்ன ஒரு துளிச் சோதனையைத் தவிர, ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் மூன்றையும் நெக்கின் பக்கமே கொண்டுவராதீர்கள். அழுக்கை எடுக்கப் போய் லாக்கரை இளக்கிக்கொண்டு வரும் நெக்குகள் பழுதுக் கடைகளுக்கு அடிக்கடி வருகின்றன, அவை நேராக அறிகுறி 3-க்குப் போய்விடுகின்றன.

இந்த அறிகுறிக்கு ஆளைக் கூப்பிட வேண்டிய தேவை அநேகமாக வராது.

அறிகுறி 3: துடைத்த பிறகும் ஒட்டுகிறது, நகம் பதிகிறது

இங்கே ஒட்டுவது பூச்சேதான். எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் பிரியும்.

*ஓரிரு இடங்களில் மட்டும், பட்டையாகவோ புள்ளியாகவோ:* கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர் தாங்கியும், மாட்டி மறந்த கேப்போவும் (கம்பிகளை அமுக்கிச் சுருதியை உயர்த்தும் கவ்வி), பிளாஸ்டிக் போன்ற வினைல் வாரும் நைட்ரோ லாக்கரோடு நாட்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் அதை இளக்கிவிடும். ஸ்டாண்டில் நெக் சாயும் இடத்தை அளந்து பாருங்கள். ஒட்டும் பட்டை அதற்கு நேராக அமைந்திருந்தால் காரணம் உறுதி. ரப்பரைப் பிரித்துவிட்டு, நாப்தாவால் ஒருமுறை துடைத்து, எதுவும் படாதபடி காற்றோட்டமான இடத்தில் சில வாரங்கள் விட்டுவைத்தால், மேலோட்டமாக இளகியது இறுகிவிடலாம். தழும்பு மறையாது என்றாலும் கை தடுக்காது. இனிமேல் தாங்கியின் மேல் கெட்டியான பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.

*ஏதாவது கொட்டிய இடத்தில்:* கொசு விரட்டிக் களிம்புகள் சிலவற்றில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருள், பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் இளக்க வல்லது. மாலை நேரத்தில் களிம்பு தடவிய கையோடு மொட்டை மாடியில் வாசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சானிடைசர் ஈரம் காயாத கையும் அரக்கையும் நைட்ரோவையும் கெடுக்கும். சேதம் ஒரு நாணய அளவுக்குள் இருந்தால் மேலே சொன்னபடி விட்டுவைத்துப் பார்க்கலாம்.

*கட்டைவிரல் ஓடும் பாதை முழுவதும்:* பழைய நைட்ரோ நெக்கில், பல ஆண்டு வியர்வை ஏறிப் பூச்சே பசையாகிவிட்ட நிலை இது. சிலரது வியர்வை மற்றவர்களுடையதைவிட விரைவாக இதைச் செய்துவிடுகிறது. நகத்தால் சுரண்டினால் பூச்சு தூளாக உதிராமல், மெழுகு போல் சுருண்டு வரும். மெழுகு பூசுவதும் பட்டையால் தேய்ப்பதும் இங்கே பயன் தராது, ஏனென்றால் மங்கலாக்கிய பரப்பு அடுத்த வாரமே மீண்டும் குழையும். இளகிய அடுக்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், இது கைத்தொழில் தெரிந்தவரின் வேலை. நைட்ரோவைப் புழுக்கமான நாளில் அடித்தால் வெண்மூட்டம் படியும் என்பதால், ஈரம் கட்டுப்படுத்திய அறையில் அடிப்பவரையே தேடுங்கள். மழைக்காலத்தில் திறந்தவெளியில் அடிக்கத் தயாராக இருப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 4: புதிதாகப் பூசிய நெக் காயாமல் ஒட்டுகிறது

*எண்ணெய் பூசியிருந்தால்:* டங் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய், துப்பாக்கிக் கட்டைகளுக்கென்று விற்கும் ட்ரூ-ஆயில் ஆகியவற்றை எல்லாம் பூசியவுடன் மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். மேலே தேங்கவிட்டால் தோல் கட்டி உள்ளே பிசுக்காக நின்றுவிடும். மூக்கை நெக்கின் அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை தூக்கலாக இருந்தால் இன்னும் காயவில்லை. புழுக்கமான காலத்தில் காய்வதற்கு வழக்கத்தைவிட அதிக நாட்கள் பிடிக்கும், ஆகவே முதலில் ஒரு வாரம் மின்விசிறிக் காற்றில் விட்டுவையுங்கள். அதன் பிறகும் ஒட்டினால், பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனில் சாம்பல் பட்டையை நனைத்து, நீளவாக்கில் தேய்த்து, பிசுக்கு கரைந்ததும் பருத்தித் துணியால் முழுவதும் துடைத்து, இரண்டு மூன்று நாட்கள் உலரவிட்டு, மீண்டும் பூசுவதானால் துணியில் தொட்ட சில துளிகளால் மட்டும் பூசுங்கள். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே ஒரு முழு நாளாவது இருக்கட்டும். புட்டியில் நெடுநாள் கிடந்து கெட்டிப்பட்ட எண்ணெய் எத்தனை நாள் காத்தாலும் சரியாகக் காயாது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் வெப்பத்தை வெளிவிடுவதால், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் கொடியில் தனியே காயப் போடுங்கள், அல்லது நீரில் ஊறவைத்த பிறகு எறியுங்கள்.

*லாக்கர் அடித்திருந்தால்:* புதிய நைட்ரோ தொடுவதற்குக் காய்ந்தது போல் இருந்தாலும், இறுகச் சில வாரங்கள் ஆகும். துணியின் நெசவு அதில் பதிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும் என்று பொருள்.

*கடினமாக்கி கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சாக இருந்தால்:* இரண்டு வாரம் கடந்தும் நகம் பதிந்தால் கலவை விகிதம் தவறியிருக்கிறது. அது இனி இறுகாது. முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை, அடித்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள்.

அறிகுறி 5: மங்கல் நெக்கில் சில இடங்கள் மட்டும் பளபளத்து ஒட்டுகின்றன

வாங்கும்போது சாட்டினாக (பளபளப்பில்லாத மங்கல் பூச்சாக) இருந்த நெக், அதிகம் கை படும் முதல் மூன்று ஃபிரெட்களின் பின்புறத்தில் மெருகேறிவிட்டது. அழுக்கைத் துடைத்து, வெள்ளைப் பட்டையால் முழு நீளத்துக்கும் சில இழுப்புகள் இழுத்தால் சரியாகிவிடும். சாட்டின் பூச்சு பெரும்பாலும் மெல்லியது, ஆகவே சாம்பல் பட்டை வேண்டாம்.

அறிகுறி 6: பின்புறம் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் கை நகர மறுக்கிறது

நெக்கைக் குறை சொல்லும் முன் முன்பக்கத்தைப் பாருங்கள். கம்பிகளுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை நுழைத்து நீளவாக்கில் இழுங்கள். அது துருவின் கறையோடு வெளியே வந்தால் விரல் தடுப்பது துருப்பிடித்த கம்பியில்தான். கடற்கரை ஊர்களில் கம்பியின் மேற்புறம் பளிச்சென்று இருக்கும்போதே அடிப்புறம் துருவேறிவிடுகிறது. சில நூறு ரூபாய்க்குக் கம்பி மாற்றினால் முடிந்துபோகும் காரியத்துக்காக நெக்கை உரித்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, விரலை ஃபிரெட்போர்டின் பக்கவாட்டில் ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் ரம்பம் போல் குத்தினால், குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் மரம் சுருங்கி உலோகம் வெளியே நீண்டிருக்கிறது. ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் ஓரளவு குறையும். குறையாவிட்டால் முனைகளை அரம் கொண்டு தேய்க்க வேண்டும், பழகாத கை பட்டால் பூச்சும் சேர்ந்து போகும் என்பதால் அதைத் தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள்.

கடைசியாக, பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். எலெக்ட்ரிக்கில் 2 மில்லிமீட்டரையும் அகூஸ்டிக்கில் 3 மில்லிமீட்டரையும் வெகுவாகத் தாண்டியிருந்தால், கம்பியை அமுக்குவதற்காக நீங்கள் நெக்கை இறுகப் பிடிக்கிறீர்கள், அந்தப் பிடியே ஒட்டலாகத் தோன்றுகிறது. செட்டப் (கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்தல்) செய்துகொண்ட பிறகு மீண்டும் முதல் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது

பூச்சை முழுவதும் நீக்கி மரத்தின் தொடுகையே வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், வேலை தொடங்கும் முன் மூன்றைப் பேசிக்கொள்ளுங்கள். பாலியஸ்டரைச் சுரண்டும்போது மரமும் சிறிது குறைந்தால் நெக்கின் பிடிப்பருமன் மாறும். ஆகவே முதல் ஃபிரெட்டிலும் பன்னிரண்டாம் ஃபிரெட்டிலும் பருமனை அளந்து எழுதிக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள். மேப்பிள் நெக்கை வெறும் மரமாக விட்டால் ஈரம் குடித்து வளையும், அழுக்கும் ஏறும். எண்ணெயும் மெழுகும் பூசி முடிப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுவன உத்தரவாதம் மீதமிருந்தால் பூச்சை நீக்கியதும் அது போய்விடக்கூடும் என்பதை விற்ற கடையில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவற்றோடு, இதுவரை நெக்கில் எந்த பாலிஷ் பூசினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டால், சிலிக்கோன் படிந்த மரத்தில் பூச்சு அடித்து இரண்டாம் முறை உரிக்கும் செலவு உங்களுக்கு மிச்சமாகும்.